யாருடைய பழக்கத்தை மாற்றுவது?

(சங்கரன்கோவிலில் இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, மாணவ நண்பர்களே,

என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள் இரண்டு தரப்பு. மாணவர்கள் கேட்டார்கள்: "அக்கா, சமூகப்பணி படிச்சிட்டோம். வெளிநாட்டு நிதியில நடக்கிற சுகாதாரத் திட்டங்கள்ல வேலை இருக்குங்கிறாங்க. போகலாமா?" இயக்கத் தோழர்கள் கேட்டது வேறு: "டாலர் வாங்கித் திட்டம் நடத்தி எந்தச் சேரிக்கு விடுதலை வந்திருக்கு? போராட வேண்டிய சனத்துக்குச் சோப்புப் போடக் கத்துக்குடுக்கிற வேலைதானே அது?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போவதுதான் இந்தப் பேச்சு.

நான் இந்த வட்டாரத்துச் சேரியில் பிறந்தவள். 2000-களில் சில ஆண்டுகள் இதே வட்டாரத்தில் ஒரு திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். பணம் கடல் தாண்டி வந்தது. சென்னையில் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் அதை வாங்கி எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. சோப்புப் போட்டுக் கை கழுவுதல், பேதி கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், கழிப்பறைப் பயன்பாடு, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று நாலு சங்கதி. இதற்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் 'சுகாதார நடத்தை மாற்றம்'.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். 'நடத்தை' என்ற சொல் தமிழில் சும்மா இருக்கிற சொல்லா? பள்ளிக்கூடத்தில் நடத்தைச் சான்றிதழ் கேட்கிறான். ஒரு பெண்ணை ஊரை விட்டுத் துரத்த வேண்டும் என்றால் 'நடத்தை சரியில்லை' என்கிறான். ஆங்கிலத்தில் அது வெறும் செயலைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம். சேரிக்குள் வந்து "உங்க நடத்தையை மாத்த வந்திருக்கோம்" என்று சொன்னால், காலங்காலமாக ஆதிக்க சாதி சொல்லி வந்ததை ஒரு ஜீப்பில் ஏறி வந்து திரும்பச் சொல்வதாகத்தான் ஆகும். எங்கள் குழு அந்தச் சொல்லைக் களத்தில் பயன்படுத்தவே இல்லை. 'பழக்கம்' என்றுதான் சொன்னோம். பழக்கம் என்றால் எல்லோருக்கும் உண்டு. சேரிக்கும் உண்டு, ஊருக்கும் உண்டு, நர்சம்மாவுக்கும் உண்டு, பணம் கொடுக்கிறவனுக்கும் உண்டு. யாருடைய பழக்கத்தை மாற்றுவது என்று கேட்க அந்தச் சொல் இடம் கொடுக்கும்.

நிதி கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு அட்டவணை கேட்பார்கள். 'லாக் ஃபிரேம்' என்று பெயர். 1969-இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டுக்காக உருவாக்கப்பட்டது, பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நாலு பத்தி இருக்கும். என்ன செய்யப் போகிறோம், அதை எப்படி அளப்போம், ஆதாரம் எங்கே கிடைக்கும், நாலாவதாக 'அனுமானங்கள்'. அதாவது நம் கையில் இல்லாத, ஆனால் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டிய விஷயங்கள். மழை பெய்யும், அரசு மாறாது, கலவரம் வராது, இந்த மாதிரி. தோழர்களே, சாதி எழுதப்பட்டால் அந்த நாலாவது பத்தியில்தான் எழுதப்படும். பெரும்பாலும் அங்கேயும் எழுதப்படாது. சேரிப் பெண்ணின் கை முதல் பத்தியில் இருக்கும், அவள் கைக்குத் தண்ணீர் விடாதவன் எந்தப் பத்தியிலும் இருக்க மாட்டான். நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். இனி சொல்வதெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் மாவட்டத்திலேயே நடந்த பெரிய திட்டம் ஒன்றைப் பார்ப்போம். 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அப்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019-இல்தான். அந்தத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று. உணவு போதாமை மட்டும் காரணமில்லை, பிள்ளைக்கு எப்போது, எதை, எப்படி ஊட்டுவது என்ற பழக்கமும் காரணம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் சத்துணவு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். எடை அட்டையை வைத்துத் தாயிடம் பேசுவார்கள். பணியாளர் அந்தந்த ஊர்ப் பெண். 1990 முதல் 1997 வரை இரண்டாம் கட்டமும் நடந்தது.

உலக வங்கி என்றவுடன் நாம் கல்லெறிந்துவிட்டுப் போய்விடக் கூடாது. கடுமையான ஊட்டக்குறைவு அந்தத் திட்டத்தால் குறைந்தது என்று மதிப்பீடுகள் சொன்னன. காரணமும் புரிகிறது. ஊர்ப் பெண்ணே பணியாளர், மாதம் தவறாத எடை, தாய் கண்ணால் பார்க்கும் கோடு. இது நல்ல ஏற்பாடு. பட்டினியைக் கண்ணுக்குத் தெரியவைத்த ஏற்பாடு.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, தராசு எந்தத் தெருவில் தொங்கியது? அந்த ஒரு கேள்வியில் பாதிக் கதை இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் பள்ளி மதிய உணவையும் ரேஷன் கடையையும் பற்றி ஐந்து மாநிலங்களில் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. சத்துணவுக்குப் பெயர்போன தமிழ்நாட்டில், அவர்கள் பார்த்த ஊர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் உணவு வழங்கும் இடம் தலித் குடியிருப்பில் இருந்தது. மற்றதெல்லாம் ஊர்த்தெருவில். சாப்பாடு பொது, சட்டி பொது, இடம் மட்டும் அவர்களுடையது. தலித் பெண் சமைத்தால் எதிர்ப்பு, தனி வரிசை என்பதெல்லாம் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

நான் களத்தில் இருந்த காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எடை போடும் தராசில் துணித் தொட்டில் ஒன்று மாட்டியிருக்கும். ஒரு ஊரில் ஆதிக்க சாதித் தாய்மார் ஆளுக்கொரு துண்டு வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். தொட்டில் துணிமேல் அதை விரித்துத்தான் பிள்ளையை வைப்பார்கள். எடை அட்டையில் கிலோவும் கிராமும் சரியாகப் பதிவாகும். அந்தத் துண்டு எந்தப் பதிவேட்டிலும் பதிவாகாது. அந்தத் துண்டும் ஒரு பழக்கம்தானே? அதை மாற்ற எந்த வங்கி கடன் கொடுத்தது?

2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாஞ்சாகுளத்தில் நடந்ததை நாடே பார்த்தது. தின்பண்டம் வாங்கப் போன நம் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கு, உங்களுக்குத் தரக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்ன காணொளி வெளியே வந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது. அந்தப் பிள்ளைகள் கையில் காசு இருந்தது, கால் சரியாகத்தான் கடைக்குப் போனது. அவர்களுடைய எந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்கிறீர்கள்?

இப்போது தண்ணீருக்கு வருவோம். எங்கள் திட்டத்தில் முதல் வேலை கேள்வித்தாள். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்று பகுதி. "கழிப்பறை போய் வந்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா? எப்போதும், சில சமயம், இல்லை." ஒரு காலனியில் ஒரு மதினி திருப்பிக் கேட்டாள்: "ஏக்கா, சோப்பு உண்டுமான்னு கேக்கிய, கழுவுவியான்னு கேக்கிய. தண்ணி உண்டுமான்னு கேக்கணும்னு அந்தத் தாள்ல எழுதலியா?"

எழுதவில்லைதான். ஆகவே நாங்கள் தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதினோம். அந்தக் காலத்தில் கிராமப்புறத்துக்கு அரசு வைத்திருந்த அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். இப்போது ஜல் ஜீவன் திட்டத்தில் 55. அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர் வர வேண்டும். நம்ம குடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும் என்றால் 13 குடம். காலனிப் பெண்களைக் கூட்டி வைத்து எண்ணச் சொன்னோம். எந்த வீட்டிலும் அதில் பாதிகூட இல்லை. தொட்டி ஊர்ப்பக்கம், குழாய் ஊரைச் சுற்றி முடித்து எங்கள் தெருவுக்கு வருகிறபோது கடைசி. கடைசிக் குழாயில் வேகம் இருக்காது. மோட்டாரை நிறுத்துகிற நேரத்தை முடிவு செய்கிறவர் தொட்டி இயக்குபவர். அவர் கையில் ஒரு சாவி. அந்தச் சாவியைத் திருப்புகிற பழக்கம் அரைமணி நேரம் மாறினால் எங்கள் தெருவில் நூறு கைகளின் பழக்கம் மாறும். இதுக்கு ஃபிளிப் சார்ட் தேவையில்லை, நண்பர்களே.

அந்த நோட்டைக் கிராம சபையில் வைத்தோம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று விடாமல் வைத்தோம். சில ஊர்களில் காலனிக்குத் தனிக் குழாய் வந்தது. சில ஊர்களில் சண்டைதான் வந்தது. ஆனால் எங்கெல்லாம் தண்ணீர் வந்ததோ அங்கெல்லாம் சோப்பைப் பற்றி நாங்கள் பேசும் முன்பே பெண்கள் பேசினார்கள்.

தண்ணீர் வந்தாலும் முடிந்துவிடுமா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் என்ன நடந்தது? முதலில் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மேலே ஏறிப் பார்த்தால் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம். மாவட்ட ஆட்சியர் நேரில் போனபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும் கோயிலில் அனுமதி மறுப்பும் வெளியே வந்தன. இரண்டு ஆண்டு கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி., பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வைத்தது. அந்த மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வழக்கு என்னவானாலும், குழந்தைகளுக்கு வந்த நோயைத் தாயின் கை கழுவாத பழக்கம் என்று எந்தக் கேள்வித்தாளும் சுலபமாகப் பதிந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து படங்கள். திட்டத்துக்கு மேலிருந்து ஒரு படத்தொகுப்பு வந்தது. ஒரு பக்கம் அழுக்கான குடும்பம், ஓலைக்குடிசை, கருத்த பிள்ளை, மூக்கு ஒழுகுது. இன்னொரு பக்கம் சுத்தமான குடும்பம், காரை வீடு, செவத்த பிள்ளை, நெற்றியில் பொட்டு. வரைந்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அதுதான் பயங்கரம். சுத்தம் என்றால் எந்த நிறம், அசுத்தம் என்றால் எந்தத் தெரு என்று சாதி அவர் கைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை வைத்து மறுபடி வரைந்தோம். ஒரே தெரு, ஒரே பிள்ளை, ஒரே நிறம். ஈ எங்கே உட்காருது, கை எங்கே போகுது, அவ்வளவுதான் வித்தியாசம். 'அசுத்தம்', 'அழுக்கு' என்ற சொற்களைத் தள்ளிவிட்டு 'கிருமி' என்று சொன்னோம். தீண்டாமை அசுத்தம் என்ற சொல்லின்மேல்தான் நிற்கிறது. கிருமி என்ற சொல் அறிவியலுடையது. அது ஊர்த்தெருப் பிள்ளையின் நகக்கண்ணிலும் இருக்கிறது என்று காட்டலாம்.

இதே காரணத்துக்காகத்தான் வெட்கப்படுத்தும் முறையையும் நாங்கள் எடுக்கவில்லை. 1999–2000 வாக்கில் வங்கதேசத்தில் கமல் கர் தொடங்கிவைத்த முறை ஒன்று உண்டு. ஊர் மக்களையே திறந்தவெளிக்குக் கூட்டிப்போய் மலத்தைக் காட்டி, அருவருப்பையும் வெட்கத்தையும் உண்டாக்கிக் கழிப்பறை கட்டவைப்பது. உலகம் முழுக்கப் பரவிய முறை. ஒரு காலத்தில் நம் ஊர்களிலும் விசில் ஊதிக்கொண்டு விடியற்காலையில் ஆட்களைத் துரத்தினார்கள். தலைமுறை தலைமுறையாய் அருவருப்பைச் சுமந்த மக்களிடம் இன்னும் கொஞ்சம் அருவருப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவது சுகாதாரம் ஆகாது.

கழிப்பறை விஷயத்தில் அறியாமை யாருடையது என்று பார்ப்போமா? டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் வட இந்தியக் கிராமங்களில் ஆய்வு செய்து 2017-இல் ஒரு நூல் எழுதினார்கள். கழிப்பறை கட்டிக் கொடுத்தும் ஏன் போகவில்லை என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கண்ட முக்கியமான காரணங்களில் ஒன்று குழி. குழி நிறைந்தால் யார் அள்ளுவது? அது தலித் வேலை, நாம் தொட முடியாது என்ற எண்ணம். ஆகவே குழி நிறையாமல் இருக்க வீட்டில் கழிப்பறை இருந்தும் வெளியே போகிறார்கள். இரட்டைக் குழி முறையில் ஒரு குழியை மூடி ஒரு வருடத்துக்கு மேல் விட்டால் உள்ளே இருப்பது மக்கிய எரு, யார் வேண்டுமானாலும் அள்ளலாம். அறிவியல் சொல்லுகிறது, சாதி கேட்கவில்லை. 2015-இல் உலக வங்கி தூய்மை இந்தியாவுக்கு 150 கோடி டாலர் கடன் ஒப்புதல் கொடுத்தது. 2019 அக்டோபர் 2-இல் திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். குழியை யார் அள்ளுவது என்ற பழக்கம் ஒழிந்ததா? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் செத்துக்கொண்டிருப்பவர்கள் யார்?

இங்கே நமக்குள்ளும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சேரிகளுக்குள்ளேயே அருந்ததியர் குடியிருப்பு கடைசி வரிசையில் இருக்கிறது. புதிரை வண்ணாருக்கு அந்த வரிசையும் இல்லை. எங்கள் காலனிக்குக் குழாய் வந்த மறுநாள் அருந்ததியர் தெருவுக்கு நீளுமா என்ற கேள்வி வந்தது. "அவங்களுக்கு எதுக்கு இங்கேருந்து?" என்று நம்ம ஆளே பேசினான். பழக்கத்தை மாற்ற வேண்டியவன் எப்போதும் எதிர்த்தெருவில் மட்டும் இல்லை.

சரி, பொறுப்பாளராக இருக்கிறவர் என்னதான் செய்ய முடியும்? மூன்று காரியம் சொல்கிறேன். மூன்றும் செய்து பார்த்தவை.

ஒன்று, இரண்டாவது கேள்வித்தாள். தாய்மாரிடம் கேட்க ஒன்று அவர்கள் கொடுத்தார்கள். நாங்கள் இன்னொன்று தயாரித்தோம். செவிலியர் காலனிக்கு மாதம் எத்தனை தரம் வருகிறார்? வீட்டுக்குள் வருகிறாரா, தெருமுனையில் நிற்கிறாரா? நம் வீட்டில் தண்ணீர் குடிக்கிறாரா? ஊசி போடும்போது கையைத் தொடுகிறாரா? டீக்கடையில் குவளை எத்தனை வகை? பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள்? கேட்டது நம் பெண்கள், பதிந்தது நம் பெண்கள். மேலிடத்தில் "இது திட்ட வரம்புக்குள் வராது" என்றார்கள். வரம்புக்குள் வராவிட்டால் போகிறது, களக் குறிப்பேடு என்று ஒன்று எல்லாத் திட்டத்திலும் உண்டு, அதில் எழுதினோம். குறிப்பேடு ஆதாரமாகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், கடை என்று பொது இடங்களில் நுழைவைத் தடுப்பதும் பொது நீரைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதில் குற்றம். நாம் குடிக்கும் நீரை அசுத்தப்படுத்துவது 1989 சட்டத்திலேயே குற்றம். சுகாதாரப் பணியாளர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய மருந்து இது.

இரண்டு, யாருக்குச் சம்பளம், எதற்குச் சம்பளம். திட்டங்களில் அலுவலகத்தில் இருப்பவர் வாங்குவது 'சம்பளம்', வெயிலில் வீடு வீடாய் நடக்கிற சேரிப் பெண் வாங்குவது 'ஊக்கத்தொகை'. சொல்லிலேயே தீண்டாமை. பட்ஜெட் கையில் இருக்கிறவர் முதலில் மாற்ற வேண்டிய பழக்கம் இது. வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய் உப்பும் வெல்லமும் கலந்து பேதிக்குக் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு எத்தனை வீடு போனாள் என்று பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. பிறகு ஒருவர் போய்த் தாயிடம் கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கூலி. இன்னொன்று, கரைசலைப் பெண்கள் கற்றுக்கொண்டும் வீட்டில் செய்யவில்லை என்று தெரிந்தபோது ஏன் என்று தேடினார்கள். கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலரே தமக்குப் பேதி வந்தால் மாத்திரையைத்தான் தேடினார்கள் என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் பேசவே இல்லை என்பதும் தெரிந்தது. முதலில் பணியாளர்களை நம்பவைத்தார்கள், பிறகு ஆண்களையும் கூட்டினார்கள். தாயைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்த்த திட்டம் முன்னேறியது.

மூன்று, பாதிக்கப்பட்டவர் கையில் திட்டம். எய்ட்ஸ் பணம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. 1995 முதல் யு.எஸ்.எய்டு பணத்தில் வி.எச்.எஸ். நிறுவனம் வழியாக ஏபேக் திட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. ஆண்டுதோறும் நடத்தைக் கணக்கெடுப்பு எடுத்தார்கள். ஆணுறைப் பயன்பாடு கூடியது, தமிழ்நாட்டில் தொற்று இறங்கியது. இதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-இல்தான். அதுவரை ஏழைக்குக் கிடைத்தது அறிவுரை. அதே காலத்தில் கொல்கத்தா சோனாகாச்சியில் 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய வேலையைப் பாருங்கள். பாலியல் தொழிலாளர்களே பணியாளர்கள் ஆனார்கள். அவர்கள் ஆணுறையோடு நிற்கவில்லை. போலீஸ் அடியைப் பற்றிப் பேசினார்கள், கந்துவட்டியைப் பற்றிப் பேசினார்கள். 1995-இல் சொந்தமாக அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் வைத்தார்கள். வாடிக்கையாளனிடம் 'முடியாது' என்று சொல்லக் கையில் கொஞ்சம் காசு வேண்டும், பக்கத்தில் நாலு பேர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி பணத்தின் பழக்கம். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது அதோடு நின்றது. எங்கள் திட்டம் நடந்தது போன்ற திட்டம் இன்று அந்த வழியில் நடக்க முடியாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தது. உலகம் முழுக்க யு.எஸ்.எய்டு திட்டங்கள் நின்றன. ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த நிறுவனம் உதவி வழங்குவதே முடிந்துபோனது. ஆப்பிரிக்காவில் மருந்து வாங்க வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். பணம் எவன் கொடுத்தாலும் எடுக்கிற உரிமை அவனுக்கே இருக்கிறது. ஆகவே பணம் போன மறுநாள் சேரியில் என்ன மிஞ்சும் என்பதை முதல் நாளே யோசிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மிஞ்சியவை ஒரு நோட்டு, அதைக் கிராம சபையில் எடுத்து வாசிக்கத் தெரிந்த சில பெண்கள். ஜீப் போய்விட்டது, படத்தொகுப்பைக் கறையான் தின்றுவிட்டது. அந்தப் பெண்கள் இன்னும் வாசிக்கிறார்கள்.

இயக்கத் தோழர்களுக்கு ஒன்று. பழக்க மாற்றம் என்றாலே ஏளனம் செய்யாதீர்கள். நம் வரலாற்றின் பெரிய பழக்க மாற்றத்தை நடத்தியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்த அதே மாநாட்டில்தான், செத்த மாட்டைத் தின்னாதே, எச்சில் சோற்றை வாங்காதே என்றும் சொன்னார். பழக்கத்தையும் மாற்றச் சொன்னார், குளத்துக்கும் நடந்தார். இரண்டையும் பிரிக்கவில்லை. பிறகு சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து குடம் குடமாய்க் குளத்தில் ஊற்றி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணத்தைக் கலந்தவனுக்குச் சுகாதாரக் கல்வி தேவை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நம் ஊர்களில் சாவுச் சேதி சொல்லப் போகமாட்டோம், செத்த மாடு தூக்கமாட்டோம் என்று நம் தாத்தன்மார் நிறுத்தினார்களே, அதுவும் பழக்க மாற்றம்தான். அதற்கு டாலர் வரவில்லை, அடிதான் வந்தது.

பேதியில் சாகிற குழந்தை நம் குழந்தை. அது கோட்பாட்டுக்காகக் காத்திருக்காது. கைகழுவலும் கரைசலும் உயிர் காக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றை நம் கையில் எடுக்காமல் விட்டால், எடுப்பவன் தன் சாதிக்கண்ணோடு எடுப்பான்.

மாணவர்களே, போங்கள். போகும்போது மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். இந்தத் திட்டத்தில் யாருடைய பழக்கம் அளக்கப்படுகிறது, யாருடையது அளக்கப்படவில்லை? தராசும் குழாயும் கூட்டமும் எந்தத் தெருவில்? பணம் நின்றால் பதிவேடு யார் கையில் இருக்கும்? மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டத்தில் சேர்ந்தால், பதிலை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. வேலை ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்காது.

அடுத்த கிராம சபைக்கு இங்கிருந்து எத்தனை ஊருக்கு நோட்டு போகும் என்று இப்போதே பேசி முடிவு செய்வோம். தண்ணீர்க் கணக்கு முதல் பக்கத்தில் இருக்கட்டும், செவிலியர் வருகை இரண்டாம் பக்கத்தில். அருந்ததியர் தெருவின் குடக் கணக்கை மறக்காமல் தனியாக எழுதுங்கள்.

ஜெய்பீம்.